சீல் உடையாத பை

அவளுடைய கைப்பையில் எப்போதும் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் இருக்கும். வீட்டுச் சாவிக்கு மூன்று பிரதிகள் உண்டு: ஒன்று அவளிடம், ஒன்று கணவரிடம், ஒன்று தம்பியிடம். தம்பி வெளியூர் போகும் நாட்களில் அந்த மூன்றாவது சாவி எதிர்வீட்டுத் தையல்காரரிடம் போய்விட வேண்டும் என்பதும் ஏற்பாடு. பேருந்தில் ஏறுவதற்கு முன்னால், அதற்கடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுவைத்துக்கொள்வாள். ஏறிய பேருந்து பாதி வழியில் நின்றுபோய், மற்றவர்கள் ஓட்டுநரைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போடும்போது, அவள் மட்டும் நிதானமாக நிழல் பார்த்துப் போய் நின்றுகொள்வாள். அவள் வேலைபார்த்த மலைப் பயண நிறுவனத்தில் இந்தக் குணத்துக்காகவே அவளுக்கு டபுள் அக்கா என்று பெயர் விழுந்தது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"எல்லாத்துக்கும் ரெண்டாவது ஒண்ணு வச்சிருக்கீங்க அக்கா, புருஷனுக்கு மட்டும்தான் இல்ல," என்று வேன் ஓட்டுநர் ஒருமுறை வம்புக்கு இழுத்தார்.

அவளை அழைத்துப் போக வாசலில் வந்து நின்றிருந்த கணவர், "அப்படி லேசா சொல்லிடாதீங்க. எங்கயாவது சீல் போட்டு வச்சிருப்பா," என்றார்.

"வச்சிருந்தா இந்நேரம் ஒரு தடவயாவது பிரிச்சிருக்க மாட்டேனா," என்றாள் அக்கா. கணவர்தான் முதலில் சிரித்தார்.

நிறுவனம் சிறியது. எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்து, வண்டிப் பாதை முடியும் இடம்வரை வேனில் கொண்டுபோய், அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் நடத்தி, ஆளரவமற்ற பனிமேடுகளைக் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டிவருவது அதன் தொழில். வேன் நிற்கும் இடத்துக்கு மேலே கடை இல்லை, மருத்துவர் இல்லை, கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. அங்கே ஒரு பொருள் கெட்டால் கெட்டதுதான். முன்பக்க அறையில் முதலாளி வாடிக்கையாளர்களை உட்காரவைத்து மலைப் படங்களைக் காட்டுவார். பின்பக்க அறை அக்காவுடையது. சுவரோரம் இரும்பு அலமாரிகள், நடுவில் ஒரு நீள மேசை, மேசையின் மூலையில் எடைபார்க்கும் மிஷின், ஜன்னலுக்குக் குறுக்கே ஈரக் கூடாரங்களை உலர்த்தும் கம்பி. மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்த ஒரு வாடை அந்த அறையிலும் அவளுடைய புடவைத் தலைப்பிலும் நிரந்தரமாகத் தங்கியிருந்தது.

அவள் தயாரித்தது இரண்டாம் பை. பயணிகளும் சுமைக்காரர்களும் கொண்டுபோகும் சாமான்களெல்லாம் முதல் கணக்கு. அவற்றில் எது போனால் உயிருக்கு ஆபத்து வருமோ, அதற்கு இன்னொன்று இரண்டாம் பையில் இருக்கும். ஸ்டவ்வுக்கு மாற்றுப் பம்ப், மூன்று டார்ச்சுகள், தனித்தனி உறையில் பேட்டரிகள், பனியின் வெளிச்சம் கண்ணைத் தாக்காமல் காக்கும் இரண்டு கறுப்புக் கண்ணாடிகள், வரைபடம், திசைகாட்டி, முதலுதவிப் பெட்டி, ஒரு பழைய சாட்டிலைட் போன், பிய்ந்த காலணியைக் கட்டிக்கொள்ள நாடா, ஒரு சின்னக் கூடாரத் துணி. எல்லாமாக ஒன்பது கிலோ. பொருள் ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்த பிறகே உள்ளே வைப்பாள். பிறகு பையின் வாயை இறுக்கி, மின்சார மீட்டருக்குப் போடுவார்களே, அதுபோல எண் பொறித்த கம்பிச் சீல் ஒன்றைப் போடுவாள். தேவை வந்தால் குழுத் தலைவர் அந்தக் கம்பியை அறுக்கலாம். அறுத்தால், ஏன் அறுத்தார் என்று எழுதித் தரவேண்டும்.

பயணம் முடிந்து பை திரும்பி வந்ததும் சீலின் எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகே அதை அறுப்பாள். சீல் உடையாமல் இருந்தால் முதல் கணக்குச் சாமான்கள் சரியாக வேலை செய்திருக்கின்றன என்று பொருள். கடைசிப் பத்தியில் "பிரிக்கப்படவில்லை" என்று எழுதும்போது, வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் ஏட்டில் கையெழுத்திடும் ஆசிரியையின் முகம் அவளுக்கு வந்துவிடும். பதினோரு ஆண்டுகளில் அறுபத்து மூன்று பயணங்கள். அறுபத்து மூன்று வரிகளிலும் "பிரிக்கப்படவில்லை" என்றே இருந்தது.

இந்தப் பையை அவள் சும்மா கற்பனையில் உருவாக்கிவிடவில்லை. இருபத்தாறு வயதில் அவளும் குழு நடத்தியவள்தான். ஒரு பயணத்தில் சுமை அதிகமாகிவிட்டது என்று, ஸ்டவ்வின் மாற்றுப் பம்பை அவளே எடுத்து வேனில் போட்டுவிட்டுப் போனாள். அறுநூறு கிராம். ஐந்தாம் நாள் பம்ப் கெட்டது. பனியை உருக்கித் தண்ணீராக்க வழியில்லாமல், பனிப்புயலில் இரண்டு நாள் கூடாரத்துக்குள் முடங்கிக் கிடந்தார்கள். இறங்கி வந்தபோது அவளுடைய இடக்கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதியோடு நின்றுபோயிருந்தன. அந்த இரண்டு நாளும் அந்தக் கையைத் தன் சட்டைக்குள் விட்டு, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து உட்கார்ந்திருந்தவன் தம்பி. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவன் மட்டும் அப்படிச் செய்திராவிட்டால் கையே போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

இப்போது அவன்தான் குழுத் தலைவன். மலை ஏறுவதில் அவனுக்கு நிகர் இல்லை என்று முதலாளியே சொல்வார். அக்கா கட்டுவாள், தம்பி கொண்டுபோவான். அந்த ஏற்பாட்டில் மட்டும் அவள் இரண்டாவதாக எதையும் யோசித்துவைத்ததில்லை.

ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு நாள் முன்னால் பயணிகளையும் அவர்களுடைய வீட்டாரையும் அலுவலகத்துக்கு வரச்சொல்வார்கள். முதலாளி பேசுவார், தம்பி பாதையை விளக்குவான். கடைசியில் யாராவது ஒரு தாய் தயங்கித் தயங்கி, "ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்பாள். அப்போது எல்லோரும் அக்காவைப் பார்ப்பார்கள். அக்கா எழுந்து நின்று, குறைந்த விரல்களை மறைக்காமல் கையைப் பையின்மேல் வைத்து, "ரெண்டாவது ஒண்ணு கூடவே வருதும்மா," என்பாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

விஷயம் வெளிப்பட்டது ஒரு கைக்கடிகாரத்தால்.

ஊர் திரும்பிய பயணி ஒருவர் தம் பழைய கடிகாரத்தை அலுவலகத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று அது காட்டும். கடைசியாகப் பதிவை அழித்ததிலிருந்து எட்டிய அதிகபட்ச உயரத்தையும் நினைவில் வைத்திருக்கும். தம்பியின் கையில் இருந்ததற்கு மாற்றாக இது இருக்கட்டும் என்று அக்கா அதன் பழைய பதிவை அழித்து, இரண்டாம் பையில் சேர்த்தாள். அறுபத்து இரண்டாவது பயணம். தம்பியிடம் சொல்லவில்லை. பட்டியல் பைக்குள்ளேயே இருக்கும், பிரித்தால் பார்த்துக்கொள்வான்.

பை வழக்கம்போல் வந்தது. அடியில் சேறு, ஒரு பக்கம் உரசல், சீல் சேதமில்லை. பொருட்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தவள் கடிகாரத்தையும் அழுத்தினாள். அதிகபட்ச உயரம் 1,152 மீட்டர் என்றது. குழு ஏறி இறங்கிய கணவாயின் உயரம் 4,260.

கடிகாரம் கெட்டுவிட்டது என்றே நினைத்தாள். ஆனாலும் சந்தேகத்தைச் சோதிக்காமல் விடுவது அவள் பழக்கமில்லை. அதன் பதிவை அழித்துவிட்டு, படியேறி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரை போனாள். பதின்மூன்று மீட்டர் கூடியது. இறங்கினாள், குறைந்தது. கடிகாரம் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த பயணத்துக்கு, கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் அதேபோல் இன்னொன்றைத் தேடிப் பிடித்து, இரண்டையும் பையின் இரண்டு மூலைகளில் வைத்தாள். ஒரு கடிகாரம் பொய் சொல்லக்கூடும், இரண்டும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லாது. பன்னிரண்டு நாள் கழித்துப் பை வந்தபோது ஒன்று 1,149 காட்டியது, மற்றது 1,155.

வண்டிப் பாதை முடியும் இடத்தின் உயரம் 1,150.

மறுநாள் வியாழக்கிழமை. கணவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, பேருந்தில் நான்கு மணி நேரம் பயணம் செய்து அந்த இடத்துக்குப் போனாள். குழுக்கள் ஏறுமுன் ஒரு பொழுது தங்கும் விடுதி ஒன்று அங்கே உண்டு. விடுதிக்காரருக்கு அவளைத் தெரியாது. தேநீர் கொடுத்தார். சாமான் அறையில் கைப்பையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். தாராளமாக என்று கூட்டிப்போனார்.

அறையில் பழைய மெத்தைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கண்டபடி கிடந்தன. ஆனால் உள்சுவரில் ஒரு மர அலமாரி மட்டும் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. ஒரே தட்டு. தட்டில் செய்தித்தாள் விரித்திருந்தது. நான்கு ஓரத்திலும் எறும்புப் பொடி. தட்டின் விளிம்பில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது: அக்கா பை. தொடாதே.

"இது காலியாத்தானே இருக்கு, இதுல வைக்கலாமா?" என்று கேட்டாள்.

"அதுல மட்டும் வேணாம்மா. அது அக்கா பைக்கு. இங்கிருந்து மேல ஏறுற குழு ஒண்ணு இருக்கு. அந்தத் தலைவரோட அக்கா ஒரு பை கட்டிக் குடுப்பாங்களாம். பாவம், அந்தம்மாவுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு பயம். ரெண்டாவது ஒண்ணு இல்லாம தூக்கமே வராதாம். அவங்க மனசு நோகக்கூடாதுன்னு இதுவரைக்கும் கொண்டாந்து வச்சிட்டு மேல போவாங்க."

"கூடக் கொண்டுபோக மாட்டாங்களா?"

"ஒம்பது கிலோவ யாரும்மா சுமப்பா?"

"எத்தன வருஷமா இப்படி?"

"நான் வந்து எட்டு வருஷம் ஆச்சு. அலமாரி அதுக்கு முந்தியே இருந்துச்சு."

தேநீர்க் குவளையை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விடுதிக்காரர் பேச்சுத்துணை கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தார்.

"ஆனா நல்ல மனுஷன் அந்தத் தலைவரு. திரும்பி இறங்குற அன்னிக்குப் பைய எடுத்து வாசல்ல போட்டு நல்லாப் புரட்டுவாரு. மழைக்காலம்னா சேறு தானா அப்பிக்கும். இல்லன்னா குழாயடியில மண்ணக் குழைச்சு அவரே தடவுவாரு. வேற யாரையும் தொட விடமாட்டாரு. 'எங்கக்கா கண்ணு பொல்லாதது, ஒரே பக்கமா அப்பினா கண்டுபிடிச்சிடுவா'ன்னு சொல்லிச் சிரிப்பாரு. இந்தக் காலத்துல அக்காவுக்காக இவ்வளவு மெனக்கெடுற தம்பி யாரு இருக்கா, சொல்லுங்க?"

"யாரும் இல்ல," என்றாள் அவள்.

திரும்பும் பேருந்து மூன்றரை மணிக்கு. அதை விட்டால் ஐந்தே முக்காலுக்கு. அவள் மூன்றரைப் பேருந்துக்கே வந்துவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பதிவேட்டின் குறிப்புப் பத்தி வரிவரியாக நினைவுக்கு வந்தது. "அடிப்புறம் உரசல், தோல் ஒட்டுப் போடவும்." ஒட்டுப் போட்டாள். "இடப்பக்கம் சேறு அதிகம், சுமப்பவர் சாய்ந்து நடக்கிறாரா எனக் கேட்கவும்." கேட்டாள். தம்பி யோசிப்பதுபோல் தலையைச் சாய்த்து, "ஆமாக்கா, புது ஆளு, கொஞ்சம் சாஞ்சுதான் நடக்குறான்," என்று சொன்னது அப்படியே காதில் கேட்டது.

வேறொன்றும் நினைவுக்கு வந்தது. முப்பத்தெட்டாவது பயணம். போனவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர். பனிச் சரிவில் அவருடைய கறுப்புக் கண்ணாடி விழுந்து உடைந்துபோயிற்று. வெறும் கண்ணோடு நடந்து, இரண்டு கண்களும் வீங்கி, பார்வை மங்கி, நான்கு நாள் கையைப் பிடித்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். பையில் இரண்டு கண்ணாடிகள் இருந்தும் ஏன் பிரிக்கவில்லை என்று அக்கா கேட்டாள். அவர் தாமதமாகத்தான் சொன்னார், படித்தவர் இல்லையா, தானே சமாளித்துக்கொள்வேன் என்ற வீம்பு என்றான் தம்பி. அக்கா அந்த ஆசிரியருக்குக் கடிதம் எழுதினாள். நலம் விசாரித்துவிட்டு, "கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருந்தது உங்கள் தவறு," என்று கண்டித்தும் எழுதியிருந்தாள். பதில் வரவில்லை. இத்தனை அகம்பாவமா என்று அன்று நினைத்துக்கொண்டாள்.

பேருந்து நகரத்துக்குள் நுழையும்வரை அவள் கண்ணை மூடவேயில்லை.

வெள்ளிக்கிழமை காலை, தம்பி பின்பக்க அறைக்கு வந்தபோது மேசையின்மேல் இரண்டு கடிகாரங்களும் பக்கத்தில் பதிவேடும் இருந்தன. அவன் எண்களைப் பார்த்தான். கதவைச் சாத்தினான்.

"நேத்து அங்க போயிருந்தேன்," என்றாள். "அலமாரி நல்லா இருக்கு. எறும்புப் பொடி எல்லாம் போட்டு."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மொத வருஷம் அஞ்சு தடவயும் தூக்கினேன் அக்கா. சத்தியமா. ரெண்டாவது வருஷம் மொத பயணத்துக்கே சுமைக்காரங்கள்ல ஒருத்தன் வரல. எதையாவது விட்டாத்தான் ஏறமுடியும்னு ஆச்சு. உன் பைய விட்டேன். ஒண்ணும் ஆகல. திரும்பி வந்ததும் சொல்லிடலாம்னுதான் வந்தேன். நீ சீலப் பாத்துட்டு, 'பாத்தியாடா, பிரிக்கவே இல்ல'ன்னு சந்தோஷப்பட்ட. அந்த முகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல."

"சரி. அடுத்த தடவ?"

"அடுத்த தடவ சொல்லலாம்னா, போன தடவ ஏன் சொல்லலன்னு கேப்ப. அப்படியே தள்ளிப்போயிடுச்சு."

"வேற யாருக்குத் தெரியும்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"டிரைவருக்கு?"

"தெரியும்."

"முதலாளிக்கு?"

"எல்லாருக்கும் தெரியும் அக்கா. யாரும் உன்ன ஏளனம் பண்ணல. உன்மேல இருக்கற மரியாதையிலதான் எல்லாரும்..."

"சேறு தடவறதும் மரியாதைதானா?"

பிடிபட்டவர்களுக்கு வரும் கோபம்தான் அவனுக்கு வந்தது.

"நீ மட்டும் யோக்கியமா அக்கா? அந்தப் பம்ப்ப வேன்ல போட்டுட்டு வந்தது யாரு? எடைன்னா எல்லாரும் அப்படித்தான் யோசிப்பாங்க. நீயும் யோசிச்சவதானே."

அவள் இடக்கையை மேசைமேல், பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆமா. நான் விட்டுட்டு வந்தேன். என் விரல் போச்சு. நீ விட்டுட்டுப் போன, அந்த வாத்தியார் கண்ணு வீங்கிப்போச்சு. அவருக்கு நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'உங்க தப்பு'ன்னு எழுதினேன். அவர் உன்கிட்ட கேட்டாரா இல்லியா? அத மட்டும் சொல்லு."

வெளியே யாரோ வேனை ஓட்டிவந்து நிறுத்தும் சத்தம் கேட்டது.

"கேட்டாரு," என்றான். "பை கீழ இருக்குன்னு சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. பேசாம நடந்தாரு."

அவன் பதிவேட்டை மூடிவைத்தான். "திங்கக்கிழமை பயணத்துக்குப் பைய நானே முதுகுல போட்டுத் தூக்கிட்டுப் போறேன். போதுமா?"

"தூக்கிட்டுப் போனியா இல்லியான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்குவேன்?"

"நான் சொன்னா நம்பமாட்டியா?"

அவள் அவனைப் பார்த்தாள். கேள்வி கேட்டவனுக்கே விடை விளங்கிவிட்டதுபோல் அவன் எழுந்து போய்விட்டான்.

அன்று பகல் முழுவதும் அவள் அந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஓட்டுநர் இரண்டுமுறை கதவருகே வந்து திரும்பிப் போனார். அவளை அதிகமாக வதைத்தது தம்பியின் பொய்கூட அல்ல. சீல் போட்டவள் அவள். உடையாத சீலைக் கண்டு மகிழ்ந்தவளும் அவள். பிரிக்கத் தேவைப்படாத பையும், மலையே ஏறாத பையும் திரும்பி வரும்போது ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பதைப் பதினோரு ஆண்டுகளில் அவள் யோசிக்கவே இல்லை. அந்த இடைவெளியில்தான் அவர்கள் எல்லோரும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பயணிகள் எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். இளம் செவிலி ஒருத்தி தன் தாயோடு வந்திருந்தாள். திங்கட்கிழமை இந்த எட்டுப் பேரும் ஏறப்போகிறார்கள். அக்காவுக்கு முன்னால் இருந்த வழிகள் குறைவு. வழக்கம்போல் கையைப் பையின்மேல் வைத்து அந்த வாக்கியத்தைச் சொல்லலாம். இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் இதுவரை தெரியாமல் சொன்ன பொய் இன்றிலிருந்து தெரிந்தே சொன்னதாகிவிடும்.

முதலாளி பேசினார். தம்பி பாதையை விளக்கினான், அவளைப் பார்க்காமல். செவிலியின் தாய்தான் கேட்டாள். "ஏதாவது ஆச்சுன்னா?"

அக்கா எழுந்தாள். பையைத் தூக்கி எல்லோருக்கும் நடுவில் வைத்தாள்.

"இது ரெண்டாவது பை. கூடவே வரும்னு இத்தன வருஷமா சொல்லிட்டிருந்தேன். வரல. வேன் நிக்கற எடத்துலயே வச்சிட்டுப் போயிருக்காங்க. எனக்கு முந்தாநாள்தான் தெரியும்."

முதலாளி பாதி எழுந்தார். "அம்மா, இத இப்ப இங்க..."

"இங்கதான் சார் நான் வாக்குக் குடுத்தேன். இங்கதான் சொல்லணும்."

செவிலியின் தாய் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "போன வருஷம் எங்க அண்ணன் பையன் போனான். அப்பவும் நான் வந்திருந்தேன். ரெண்டாவது ஒண்ணு கூட வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன்."

"அப்ப அது பொய்யா?"

"பொய்தான்மா."

தனக்குத் தெரியாது என்பதை அவள் இரண்டாவது முறை சொல்லவில்லை. இடுக்கியை எடுத்துச் சீல் கம்பியை அறுத்தாள். பதினோரு ஆண்டுகளில் அந்தச் சத்தம் பின்பக்க அறைக்கு வெளியே கேட்டது அதுதான் முதல்முறை. மிகச் சின்னச் சத்தம், நகம் வெட்டுவதுபோல.

பிறகு பொருட்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஸ்டவ் பம்பை ஒரு வங்கி அதிகாரியிடம் கொடுத்து, எப்படி மாட்டுவது என்று செய்துகாட்டி, அவரையும் செய்யச் சொன்னாள். கூடாரத் துணி பருமனான கடைக்காரர் ஒருவரிடம் போயிற்று. "இவ்வளவு இடுப்பு இருக்கறவருக்கு இது ஒரு சுமையே இல்ல," என்று அவருடைய மனைவி சொன்னபோது ஓரிருவர் சிரித்தார்கள். டார்ச்சுகள் மூன்று பேருக்கு. முதலுதவிப் பெட்டியும் கறுப்புக் கண்ணாடிகளும் செவிலிக்கு. கடைசியில் ஆளுக்கு ஒரு கிலோவும் சொச்சமும்தான் சேர்ந்தது.

"உங்க பையில இருக்கறது இன்னொருத்தர் உயிருக்கு. அவங்க பையில இருக்கறது உங்க உயிருக்கு. யாரு சொன்னாலும் கீழ வைக்காதீங்க. தலைவர் சொன்னாலும் வைக்காதீங்க," என்றாள்.

யாரும் பயணத்தை ரத்துசெய்யவில்லை. செவிலியின் தாய் மட்டும் அந்தக் கண்ணாடிகளை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, மகளிடம் திருப்பித் தந்தாள். போகும்போது அக்காவிடம் விடைபெறவில்லை. முதலாளி தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திங்கட்கிழமைக்குப் பிறகு இந்த வேலை இருக்குமா என்பது அவளுக்குத் தெரியாது. அதற்கு மாற்றாக அவள் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

எல்லோரும் போனபின் தம்பி வெறும் பையைக் கையில் எடுத்து, அடியில் அவள் தைத்த தோல் ஒட்டைத் தடவினான்.

"எட்டுப் பேருக்கும் குடுத்துட்ட. என் பையில என்ன வைக்கப்போற?"

"ஒண்ணும் வைக்கல. எங்க வீட்டுச் சாவி உன்கிட்ட இருக்கு. அத மட்டும் குடுத்துட்டுப் போ."

அவன் சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்றப் பார்த்தான். வளையம் இறுகிப்போயிருந்தது. நகம் வழுக்கியது. அவள் உதவவில்லை. கழற்றி மேசைமேல் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆறாவது வரியிலிருந்து தொடங்கி, "பிரிக்கப்படவில்லை" என்பதற்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக "போகவில்லை" என்று எழுதினாள். பழையதை அடிக்கவில்லை. அது உண்மைதானே, பிரிக்கப்படவில்லைதான். ஐம்பத்தெட்டு முறை எழுதி முடிக்கும்போது பேனாவில் மை தீர்ந்து, பையிலிருந்து இரண்டாவது பேனாவை எடுக்க வேண்டியிருந்தது.

பிறகு முப்பத்தெட்டாவது பயணத்தின் விவரத் தாளிலிருந்து ஆசிரியரின் முகவரியைக் குறித்துக்கொண்டு கடிதம் எழுதினாள். "ஐயா, கேட்காமல் இருந்தது உங்கள் தவறு என்று எழுதியிருந்தேன். நீங்கள் கேட்டீர்கள் என்று இப்போது அறிந்தேன். பை உங்களோடு வரவே இல்லை. அது எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்." படித்துப் பார்த்தாள். "அது எனக்குத் தெரியாது" என்பதை அடித்துவிட்டு, மீதியை வேறொரு தாளில் சுத்தமாக எழுதினாள்.

கணவர் எட்டிப் பார்த்தார். எந்தக் கடிதத்துக்கும் நகல் எடுத்து வைப்பவள் என்பதால், "நகல் எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம். இது அங்க போய்ச் சேருதான்னு தெரிஞ்சாப் போதும்."

திங்கட்கிழமை காலை வேன் கிளம்பும் நேரத்தில் அவள் அலுவலகத்தில் இல்லை. தபால் நிலையத்தில் வரிசையில் நின்றிருந்தாள். மூன்றாவது சாவியை வரும் வழியிலேயே தையல்காரரிடம் கொடுத்துவிட்டாள். தன் முறை வந்ததும் கடிதத்தை நீட்டி, பதிவுத் தபால் என்றாள்.

"ஒப்புகை அட்டை வேணுமா?" என்று கேட்டார் எழுத்தர்.

"வேணும். வாங்கினவர் கையெழுத்தோட திரும்பி வருமில்ல?"

"வரும்மா. அதுக்குத்தானே அட்டை."

அவள் அட்டையை வாங்கி, மேசை ஓரமாக நகர்ந்து, இடக்கையின் மூன்று விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தன் முகவரியை எழுதத் தொடங்கினாள்.